உயிரியல் பாடநூல் ஆக்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை உயிரியல் பாடநூல்களில் மூன்று பாடங்கள் ஒன்றையொன்று அறியாத அயலார்போல் இருக்கின்றன. மரபணு ஒழுங்குபாட்டுக்கு லாக் ஓபரான் (பாக்டீரியாவில் ஒரு புரதம் டி.என்.ஏ-வில் அமர்ந்து மரபணு வாசிப்பை நிறுத்தும் அமைப்பு); கரு வளர்ச்சிக்கு மூவடுக்குக் கருக்கோள உருவாக்கம்; புற்றுநோய்க்குப் பிறழ்வும் கட்டுப்பாடற்ற செல் பிரிதலும். கடைசிப் பாடத்தின் முடிவில் 'பின்னர் பிற உறுப்புகளுக்குப் பரவுகிறது' என்று ஒரு வரி வரும். புற்றுநோய் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பரவலே காரணம். அதற்கு ஒரே வரிதானா?

நல்ல மாணவர் கேட்கும் கேள்வி இது: பக்கத்துச் செல்லோடு இறுக ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும் எபிதீலியல் செல் (உறுப்புகளின் பரப்பை மூடும் செல்), எப்படிப் பிரிந்து நகர்கிறது? பாடத்தை மட்டும் படித்தவர் 'இன்னொரு பிறழ்வு' என்றுதான் பதில் சொல்வார். ஆனால், முதல் கட்டியின் டி.என்.ஏ எழுத்து வரிசையையும் பரவிய கட்டியின் வரிசையையும் படித்து ஒப்பிட்ட ஆய்வுகளில், பரவலுக்கென்றே திரும்பத் திரும்பத் தோன்றும் தனிப் பிறழ்வுகள் பெரும்பாலும் அகப்படவில்லை. விடையின் பெரும்பகுதி உங்கள் முதல் பாடத்திலேயே இருக்கிறது.

அந்த ஒட்டுதலைத் தருவது இ-கேடெரின் என்ற புரதம். அதன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் சி-ஏ-ஜி-ஜி-டி-ஜி என்று ஆறெழுத்துத் தொடர் உண்டு. ஸ்னெயில் என்ற புரதம் அதில் வந்து அமர்கிறது. குரோமாட்டினை (டி.என்.ஏ-வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த இழையை) இறுக்கும் நொதிகளையும் உடன் அழைத்துவருகிறது. மரபணுவில் ஓரெழுத்தும் மாறாமலே வாசிப்பு நின்றுபோகிறது. ஒட்டுதல் தளர்ந்து, செல் நீண்டு, நகரும் குணம் பெறுகிறது. ஸ்னெயில் இ-கேடெரினை அடக்குவது 2000-இல் வெளியானது. ட்விஸ்ட், ஸெப்1 ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. (ஸ்னெயிலும் ட்விஸ்டும் பழ ஈயின் கருவை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டவை. கருவில் செல்கள் இடம்பெயர உதவும் அதே கருவிகளைத்தான் புற்றுச்செல் எடுத்தாள்கிறது. உங்கள் இரண்டாம் பாடத்துக்கும் இதில் பங்கு உண்டு.)

இதில் மிக அழகான பகுதி ஸெப்1-க்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ-200 குடும்பத்துக்கும் (மரபணுக்களிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்.என்.ஏ-க்கள்) இடையே நடக்கும் இழுபறி. ஒன்று மற்றதை அடக்கும். யார் கை ஓங்குகிறதோ அந்த நிலை தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும். டிஜிஎஃப்-பீட்டா போன்ற வெளிச் சமிக்ஞை அந்தச் சமநிலையைக் கவிழ்க்க முடியும். பல செல்கள் இரண்டுக்கும் நடுவே, பாதி ஒட்டியும் பாதி நகர்ந்தும் இருக்கின்றன. அவையே அதிக ஆபத்தானவை எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தொலைவில் போய்க் குடியேறும்போது பழைய குணம் திரும்பவேண்டியும் இருக்கலாம்: ட்விஸ்ட் தொடர்ந்து இயங்கினால் புதிய இடத்தில் கட்டி வளரத் தடையாகிறது என்று 2012-இல் எலிகளில் காட்டப்பட்டது. நிலையான பிறழ்வைக் கொண்டு இப்படி மாறித் திரும்புவதை விளக்குவது கடினம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். ஒட்டிய செல் நகரும் செல்லாகும் இந்த மாற்றம் இல்லாமலும் பரவல் நடக்கிறது என்று 2015-இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் வாதிட்டன. மருந்துக்கு அடங்காமல் போவதில் மாற்றத்துக்குப் பங்குண்டு என்பதை அவையே காட்டின. விவாதம் இன்னும் முடியவில்லை. பாடநூல் அதை மறைக்கத் தேவையில்லை.

நான் கேட்பது ஒரு பக்கம். லாக் ஓபரான் பாடத்தை அடுத்து அதை வையுங்கள். ஸெப்1, மைக்ரோ ஆர்.என்.ஏ-200, நடுவே இரண்டு தடைக் குறிகள்: படத்துக்கு இவ்வளவு போதும். ஓபரான் படம் பிடிக்கும் இடத்தில் பாதிகூட ஆகாது.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்