ஐ எது, எல் எது?

இணையதளத்தை மாற்றியமைத்த குழுவினருக்கு,

வணக்கம். புதிய தளத்தைப் பற்றி உங்களுக்கு வந்த புகார்களை நீங்களே அறிவீர்கள். சென்ற வாரம் அதன் எழுத்துருவால் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கடவுச்சொல் மறந்துபோனது. கைப்பேசித் திரையில் நீங்கள் காட்டிய தற்காலிகக் கடவுச்சொல்லைப் பார்த்துக் கணினியில் அடிக்க வேண்டும். அதில் இரண்டு இடத்தில் வெறும் செங்குத்துக் கோடு. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’ என்றும் படிக்கலாம், சிறிய எழுத்து ‘எல்’ என்றும் படிக்கலாம். அடித்துப் பார்க்க நான்கு வழிகள். நீங்கள் கொடுத்ததோ மூன்று வாய்ப்புகள். கணக்கு முடங்கியது. “என் கண்ணுதான் போச்சு போல” என்றார் அம்மா. மூன்றாவது முறை அடித்தது நான். என் பார்வையில் எந்தக் குறையும் இல்லை.

பழைய தளத்தில் ஜார்ஜியா என்ற எழுத்துரு இருந்தது. அது செரிஃப், அதாவது எழுத்தின் முனைகளில் சிறு கோடுகள் உள்ள வகை என்பதால் ‘ஐ’யின் தலையிலும் அடியிலும் குறுக்குக்கோடு நிற்கும்; குழப்பமே வராது. திரையில் செரிஃப் உடைந்து தெரியும் என்பது அங்குலத்துக்கு 96 புள்ளிகள் இருந்த காலத்துப் பேச்சு. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 300க்கும் மேல். அந்தச் சிறு கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப்தான் வேண்டுமென்றால் அதையே வையுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜார்ஜியாவை வரைந்த மேத்யூ கார்ட்டரே திரைக்கென்று வெர்டானாவையும் வரைந்தார். 1996இல் வெளிவந்த அந்தச் சான்ஸ் செரிஃபில் ‘ஐ’க்குக் குறுக்குக்கோடுகளை விட்டுவைத்தார். பார்வை குறைந்தவர்களுக்காக பிரெய்ல் இன்ஸ்டிட்யூட் 2019இல் வெளியிட்ட அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. இத்தனை இருந்தும் ‘ஐ’யும் ‘எல்’லும் ஒரே கோடாகத் தெரியும் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டும் வேறுவேறாகத் தெரியும் எழுத்துருவை வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த எழுத்தையும் மெலிந்த வடிவில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பலாகப் போட்டிருக்கிறீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறைகள் சொல்கின்றன. நீண்ட விதிமுறைப் பக்கங்களையும் இதே எழுத்தில் படித்து ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தச் சொல்கிறீர்கள். படிக்க முடியாததை எப்படி ஒப்புக்கொள்வது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எழுத்துருவை மாற்றுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை தற்காலிகக் கடவுச்சொற்களில் இந்த இரண்டு எழுத்துகளும் வராமலாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தைப் பயன்படுத்துபவர்