மகளின் பற்களைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

எங்கள் மகளுக்கு ரத்தப் புற்றுநோய்க்கான கீமோ ஆரம்பித்தபோது வயது 2. இப்போது 11. அவள் பிழைத்ததற்கு உங்களிடம் பலமுறை நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் அவளுடைய பற்களுக்காக.

முதல் ஊசி போடுவதற்கு முன்பே பல் டாக்டரை வரவழைத்த புற்றுநோய் டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது! வாயில் தெரிவது பால் பற்கள்தான், ஆனால் இந்த வயதில் ஈறுக்கு அடியில் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் என்று அன்றே எங்களை உட்காரவைத்து விளக்கினீர்கள். வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கும் மருந்து, பல்லை உண்டாக்கும் செல்களையும் விட்டுவைக்காது. அதிலும் 5 வயதுக்குள் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகம் என்றீர்கள். முன்கூட்டியே தெரிந்ததால்தான் பிறகு நாங்கள் பதறவில்லை.

வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவே அழுத நாட்களில், மிக மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்துவிட்ட செவிலியர் அக்காக்களை மறக்கவே மாட்டோம். மகளும் உங்களை இன்னும் கேட்கிறாள்.

அப்புறம், குழந்தைகள் பல் டாக்டர். முழுத் தாடை எக்ஸ்ரேயை எங்களிடம் காட்டுவதற்கு முன் அவளிடம் காட்டினீர்கள். "இந்த இடத்துல பெரிய பல் உருவாகவே இல்லம்மா. அதனால மேல இருக்கற பால் பல்லை நாம பத்திரமா வச்சுக்கலாம்" என்று விரலால் தொட்டுக் காட்டினீர்கள். இன்னொரு பல் அரிசி மாதிரிச் சிறுத்திருந்தது. முன்பற்களின் வேர்கள் குட்டையாக, நுனி கூராக நின்றுவிட்டிருந்தன. எனாமல் மெலிந்த இடங்களுக்கு ஃபுளோரைடு பூசி, சொத்தை வராமல் காத்துவருகிறீர்கள்.

கம்பி போடும் டாக்டரின் பொறுமைக்குத் தனி நன்றி. குட்டை வேர்களை அழுத்தி இழுத்தால் அவை மேலும் கரையும் என்பதால், லேசான விசைதான் கொடுப்பேன், பல்வரிசை கச்சிதமாக அமையாவிட்டாலும் பற்கள் நிலைப்பதே முக்கியம் என்றீர்கள். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

எந்த மருந்து, எந்த அளவு, எந்த வயதில் என்று சிகிச்சைச் சுருக்கத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டுகிறோம். உங்களுக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்த ஆறு மாதப் பரிசோதனைக்கு வருகிறோம்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்