செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நீச்சல் குள ஹீட்டர் ஒழுகிய விவரத்துடன்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓசூரில் உள்ள நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தொகைகளை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சம்பும் மேல்நிலைத் தொட்டிகளும் கழுவப்பட்டன. கோடையில் போர்வெல் தண்ணீர் இறங்கியதால் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். பொங்கல் விழா நன்றாக நடந்தது. கோலப்போட்டி நடுவர்கள் மட்டும் இன்னும் சிலரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி நிறுத்தும் இடம் பற்றிய புகார்கள் எல்லா ஆண்டும் போல வந்தன, எல்லா ஆண்டும் போலவே தீர்ந்தன.

இனி, எல்லாரும் என்னிடம் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீச்சல் குளத்து ஹீட்டர் ஏன் ஒழுகியது, புது மெஷின் ஏன் வாங்கவில்லை, குளம் ஏன் அத்தனை நாள் மூடிக் கிடந்தது. வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பாதியாகப் போன செய்தி என்பதால் இங்கே முழுதாகப் பதிவு செய்கிறேன்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் குளத்தில் கால் வைக்கவே யோசிக்க வேண்டும். அதனால்தான் கட்டும்போதே ஹீட் பம்ப் வைத்தார்கள். இதில் கேஸ் அடுப்பும் இல்லை, தண்ணீரைச் சுடவைக்கும் மின்கம்பிச் சுருளும் இல்லை. விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றிலிருக்கும் வெப்பத்தை ஏசியில் ஓடுவது போன்ற ஒரு கேஸ் உறிஞ்சி எடுத்து, டைட்டானியம் சுருள் வழியாகக் குளத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் நல்ல நிலைமையில் சுமார் ஐந்து யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும்.

மழைக்காலம் தொடங்கியதும் மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. அது வழிந்து பம்ப் ரூமுக்குள் போய் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே நின்றபோதுதான் வாட்ச்மேன் வந்து சொன்னார். பார்க்க வந்த சர்வீஸ் ஆட்கள் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "கண்டென்சர் போச்சு சார், மெஷினையே மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, புது மெஷினுக்கான விலைப்பட்டியலை அனுப்பினார்கள். அதற்கு முன்பு வந்த ஒரு பிளம்பர் எம்-சீல் பசையைக் குழைத்து ஒரு இணைப்பின் மேல் பூசிவிட்டுப் போயிருந்தார். அது நிற்கவில்லை. அது பசையின் குற்றம் இல்லை. பம்ப் தள்ளும் அழுத்தத்தில் ஈரமான பைப்பின்மேல் வெளியிலிருந்து எதைப் பூசினாலும் பெரும்பாலும் நிற்காது.

செயற்குழுவில் பாதிப்பேர் புது மெஷின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அப்போதுதான் பி பிளாக்கில் இருக்கும் மூத்த உறுப்பினர், ஆலையில் பாய்லர் பகுதியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு கேள்வி கேட்டார்: "மெஷினை மாத்துறதுக்கு முன்னாடி, கீழே நிக்கிறது எந்தத் தண்ணின்னு பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. ஹீட் பம்ப் ஓடும்போது அதன் பின்பக்கத் தகடுகள் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல. மழைக்காலத்தில் இப்படி மணிக்குப் பல லிட்டர் வடியலாம். அது ஒழுக்கு இல்லை. மெஷின் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். ஆகவே மழையில் ஒழுக்கு கூடியது என்று நாங்கள் பயந்ததில் பாதி, பயப்படத் தேவையே இல்லாத தண்ணீர்.

சோதனைக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. குளத்துத் தண்ணீரைத் தினமும் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் குளோரின் சொட்டு மருந்து இருக்கிறது. குளோரின் இருந்தால் மஞ்சளாகும். அப்புறம் ஆர்ஓ மெக்கானிக் கையில் எப்போதும் இருக்கும் டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. தரையில் தேங்கியதை எடுக்காமல், மெஷினிலிருந்து சொட்டும் இடத்திலேயே சுத்தமான டம்ளரில் பிடிக்கச் சொன்னார் பி பிளாக் உறுப்பினர். தரைத் தண்ணீரில் குளத்துத் தண்ணீர் தெறித்துக் கலந்திருக்கும், முடிவு தப்பாகிவிடும். விசிறிப் பக்கத்திலிருந்து விழுந்த தண்ணீர் நிறம் மாறவில்லை, மீட்டரும் மிகக் குறைவாகக் காட்டியது. குழாய் இணையும் மூலையில் சொட்டியது பளிச்சென்று மஞ்சளானது. ஆக, இரண்டு தண்ணீர். ஒன்று வியர்வை, இன்னொன்று நிஜமான ஒழுக்கு.

ஹீட்டரை அணைத்துவிட்டு ஃபில்டர் பம்பை மட்டும் ஓட்டினோம். வியர்வைத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் நின்றது, மூலைச் சொட்டு நிற்கவில்லை. பம்பையும் நிறுத்தினால் அதுவும் நின்றது. அதாவது அழுத்தம் இருக்கும்போது மட்டும் ஒழுகும் இடம்.

எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள வாளிச் சோதனை செய்தோம். குளத்துப் படிக்கட்டில் ஒரு வாளியை வைத்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, இரண்டிலும் கோடு போட வேண்டும். ஆவியாதல் இரண்டுக்கும் பொது. வாளியைவிடக் குளம் எவ்வளவு அதிகமாக இறங்குகிறதோ அதுதான் ஒழுக்கு. இதற்கு முன் முக்கியமாகச் செய்ய வேண்டியது, குளத்தைத் தானாக நிரப்பும் மிதவை வால்வை மூடுவது. அது திறந்திருந்தால் குளம் என்றைக்குமே குறையாது, ஒழுக்கும் யார் கண்ணிலும் படாது. இவ்வளவு காலம் நடந்தது அதுதான். நம் குளம் 12 மீட்டருக்கு 6 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 72 லிட்டர். பம்ப் ஓடிய நாளில் வாளியைத் தாண்டிக் குளம் இறங்கியது. பம்பை நிறுத்தி வைத்த நாளில் இரண்டும் சமமாக நின்றன. குளத்தின் தரையிலோ டைல்ஸிலோ கசிவு இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது.

மெயினை அணைத்து, கெப்பாசிட்டரில் மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, எலக்ட்ரீஷியன் முன்னிலையில்தான் மூடியைத் திறந்தோம். ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, பம்பை ஓட்டினோம். தண்ணீர் பைப் வழியே ஓடி வேறெங்கோ சொட்டும் என்பதால் கண்ணால் பார்த்தால் இடம் பிடிபடாது. எந்தப் பேப்பர் முதலில் நனைகிறது என்பதே கணக்கு. தண்ணீர் வெளியேறும் பக்கத்து யூனியனில், அதாவது பைப்பைக் கழற்றி மாட்டும் மரை இணைப்பில், நனைந்தது, எம்-சீல் பூசிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

யூனியனைக் கழற்றினால் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகி வெடித்திருந்தது. அதைச் சரிக்கட்ட யாரோ மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, பைப் ரிஞ்ச் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். நட்டில் மயிரிழை விரிசல். யூனியனில் தண்ணீரை நிறுத்துவது ஓ-ரிங்தான், மரை இல்லை. டேப் அங்கே வேலையே செய்யாது. கையால் இறுக்கி அதற்கு மேல் கொஞ்சம் திருப்பினால் போதும்.

டைட்டானியம் சுருளையும் விடவில்லை. கண்டென்சர் என்பது அதுதான், புது மெஷின் வாங்கச் சொன்னதே அதைச் சொல்லித்தானே. சுருள் ஓட்டையானால் கேஸ் தண்ணீருக்குள் போகும், பிரஷர் குறையும். வேறொரு ஏசி மெக்கானிக்கை வரவழைத்து கேஜ் மாட்டிப் பார்த்ததில் பிரஷர் சரியாக இருந்தது. கண்டென்சர் போகவில்லை.

இரண்டு யூனியன்களையும் மாற்றினோம். ஓ-ரிங்குக்கு ஈபிடிஎம் ரப்பர் கேட்டு வாங்கினோம், குளோரினை அது நன்றாகத் தாங்கும். பிளம்பர் வழக்கம்போல வாசலைன் தடவப் போனார். பெட்ரோலியப் பொருள் பட்டால் ஈபிடிஎம் ஊதிவிடும், சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும் என்று பி பிளாக் உறுப்பினர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். மெஷினின் அடித்தட்டில் வடிகால் துளை இலையும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, ஒரு ஹோஸ் மாட்டி, வியர்வைத் தண்ணீரைச் செடிகளுக்கு விட்டிருக்கிறோம். மூன்று வால்வு போட்டு, ஹீட்டருக்குள் போகாமல் தண்ணீர் சுற்றிப் போகும் பைபாஸும் வைத்தாயிற்று. அது முன்பே இருந்திருந்தால் ஹீட்டரை மட்டும் தனியாக நிறுத்திவிட்டுக் குளத்தைத் திறந்தே வைத்திருக்கலாம். இந்த முறை மூடவேண்டி வந்ததற்குக் காரணம் பைபாஸ் இல்லாததுதான்.

ஓ-ரிங் ஏன் அப்படி வெடித்தது? குளோரின் மாத்திரைகளை, குளத்து மேல்தண்ணீரை இழுத்துக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் போடும் பழக்கம் இருந்தது. அந்த மாத்திரை கரைந்த தண்ணீர் கடுமையான அமிலம், பிஎச் 3 அளவு. பகலில் பம்ப் ஓடும்போது கலந்துவிடும். இரவில் பம்ப் நின்றதும் கூடைத் தண்ணீர் செறிவாகித் தேங்கும். காலையில் பம்பைப் போட்டதும் அந்த அமிலம் முதலில் போய்ச் சேருமிடம் ஃபில்டரும் ஹீட்டரும்தான். மாத்திரையை இப்போது மிதக்கும் டப்பாவில் போடுகிறோம். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். தினசரி அளவைப் பம்ப் ரூம் கதவில் தொங்கும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். சில நாள் எழுதாமல் விடுகிறார்கள், கண்காணித்து வருகிறோம்.

ஒழுக்கு நின்றதும் கரண்ட் பில் பாதியாகும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை, ஆகவும் ஆகாது. சராசரி 1.2 மீட்டர் ஆழத்துக்கு நம் குளத்தில் சுமார் 86,000 லிட்டர் இருக்கிறது. அதை ஒரு டிகிரி ஏற்ற 100 யூனிட் அளவு வெப்பம் வேண்டும், அதாவது ஹீட் பம்ப்புக்கு 20 யூனிட் மின்சாரம். யூனியனில் சொட்டியது இந்தக் கணக்கில் தூசி. பெரிய இழப்பு மேற்பரப்பில்தான். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானாலே ஏறக்குறைய 50 யூனிட் வெப்பம் காற்றோடு போய்விடும். இரவில் மூடி போடாமல் குளத்தைச் சூடாக்கிக்கொண்டிருப்பது வீண் செலவு என்பது என் கருத்து. செயற்குழுவில் எல்லாரும் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மூடியை யார் தினமும் இழுத்துப் போடுவது என்ற கேள்வி நியாயமானதுதான்.

பி பிளாக் உறுப்பினர் இந்த வேலைக்கு எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை. பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சங்கத்தின் சார்பில் அவருக்கு நன்றி. எலக்ட்ரீஷியனுக்கும் வாட்ச்மேன்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கும் நன்றி.

குமிழி விரிப்பு மூடிக்கான விலைப்பட்டியல்களும், அதைச் சுருட்டும் உருளையோடும் உருளை இல்லாமலும் ஆகும் செலவும் மேசைமீது இருக்கின்றன. புது மெஷினுக்கு வந்த பழைய விலைப்பட்டியலையும் அதோடு வைத்திருக்கிறேன். கணக்கு வாசித்து முடிந்ததும் மூடி பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும். அதுவரை யாரும் டீ குடிக்கப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்