ஒரு பிரேம், இரண்டு ஜோடி சக்கரம்

அல்சூர், பெங்களூரு
நவம்பர் 16

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நானே எந்தச் சைக்கிளை வாங்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது உனக்கு என்னத்தைச் சொல்ல? போன ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டிவிட்டேன். இனி மனசை மாற்றிக்கொள்ள வழியில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. சின்னவள் பத்தாவது. கன்னடத்தில் வெளுத்து வாங்குகிறாள், தமிழில் ‘ற’ எங்கே ‘ர’ எங்கே என்று என்னைக் கேட்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போல நாளைக்கு, நாளைக்குத்தானா?

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். மழைக்கும் மார்கழிக்கும் ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள வீட்டில் இடமும் இல்லை, உத்தரவும் இல்லை, ஒன்றே இரண்டுக்கும் ஆகுமா என்று கேட்டிருந்தாய். ஆகும். ஆனால் கடையில் போய் நின்றதும் பிரேமை ஒரு விரலால் தூக்கிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

என் பழைய கார்பன் சைக்கிள் உனக்குத் தெரியும். பந்தயத்துக்கென்றே செய்தது. 25 மில்லிமீட்டர் டயருக்கு மேல் உள்ளே நுழையாது. மட்கார்டு மாட்ட ஒரு துளைகூடக் கிடையாது. ரிம் பிரேக். போன ஐப்பசியில் நந்தி மலையிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பிரேக்கை அழுத்துகிறேன், ஒன்றுமே நடக்கவில்லை. ரிம்மில் இருக்கிற தண்ணீரை பிரேக் கட்டை வழித்து எடுக்கிற வரைக்கும் சக்கரம் தன் பாட்டுக்குப் போகிறது. பிறகு திடீரென்று பிடிக்கிறது. அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. எப்படித் திரும்பினேன் என்று இன்றுவரை தெரியாது. கீழே வந்து பார்த்தால் ரிம் முழுக்க மைபோலக் கறுப்புக் குழம்பு. கட்டையும் ரிம்மும் சேர்ந்து அரைபட்ட மாவு அது. என் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை செம்மண் கோடு. பின்னால் வந்த பையன் முகத்தில் மீதி. அவன் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே முடிவு செய்தேன்: டிஸ்க் பிரேக், அகல டயருக்கு இடம், மட்கார்டுக்குத் துளை. இந்த மூன்றும் இல்லாத பிரேமைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டிஸ்க் என்றால் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், அந்தக் காலம் போய்விட்டது. உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. 2018-லேயே சாலைப் பந்தயத்துக்கு முழுசாக அனுமதித்துவிட்டது.

டயர் இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நான் வாங்கிய பிரேமில் 35 வரை போகும், மட்கார்டோடு 32. நம் ரோட்டுக்கு 32 போட்டு ஐம்பத்தைந்து பி.எஸ்.ஐ. காற்றடித்தால் போதும். பழைய 25-ல் தொண்ணூறு அடித்துக்கொண்டு ஹெப்பால் மேம்பாலத்து இணைப்புகளில் தடக் தடக்கென்று போவேன், பல்லெல்லாம் ஆடும். கல்லுப்போல இருந்தால்தான் வேகம் என்று நினைத்தோமே, அது வழவழப்பான தரைக்குத்தான் சரி. மேடு பள்ளத்தில் சக்கரம் குதிக்கக் குதிக்க நம் சக்தி வீண். ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களே இப்போது 28, 30 என்று போய்விட்டார்கள்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உனக்குக் கணக்கு பிடிக்கும். புது பிரேம் அலுமினியம், ஃபோர்க் மட்டும் கார்பன். பழையதைவிட அரை கிலோ கூடுதல். நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ. நந்தியில் எட்டு கிலோமீட்டர் ஏற எனக்கு முப்பத்தைந்து நிமிடம். அரை கிலோவுக்கு எவ்வளவு நஷ்டம்? பத்துப் பன்னிரண்டு வினாடி. முந்தின நாள் ராத்திரி பிரியாணியை வேண்டாமென்று சொன்னால் அது திரும்பி வந்துவிடும். தொழில்முறைப் பந்தயத்திலேயே 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் இருக்கக்கூடாது என்று விதி. நமக்கு எதற்கு அந்தக் கவலை?

நீ ஸ்டீல் கேட்டிருந்தாய். எனக்கும் ஆசைதான். ஆனால் வியர்வையும் மழையும் சீட் குழாய் வழியாக உள்ளே இறங்கும். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாம் கழற்றி உள்ளே எண்ணெய் அடிக்க உனக்குப் பொறுமை உண்டா? உன் தோட்டத்து மோட்டாரையே நீ கவனிப்பதில்லை. டைட்டானியமும் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். பழைய கார்பனில் பெடல் சுற்றுகிற இடத்தில் பேரிங்கை அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் போனதும் கிரீச் கிரீச். மூன்று முறை கடையில் கொடுத்தேன், மூன்று முறையும் சரியாகிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி கிரீச். அதனால் இந்த முறை திருகு மரை உள்ள பிரேம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அந்த மரைக்கு என்ன பெயர் தெரியுமா? பி.எஸ்.ஏ.! பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதே பழைய கம்பெனி. உன் அண்ணனிடம் இருந்த, அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளை நாம் திருடிக்கொண்டு போய் வாய்க்காலில் விட்டோமே, அதன் பெயர். கடையில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து அந்தப் பையன் பயந்துவிட்டான்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வாங்குவதற்கு முன் மட்கார்டு மாட்டிய ஒரு சைக்கிளை ஓட்டிப் பார்த்தேன். பல்லாரி ரோட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மெதுவாகத் திரும்பினேன், ஷூ முனை முன் மட்கார்டில் முட்டி, அப்படியே சாய்ந்தேன். பத்துப் பேர் காபி தம்ளரோடு பார்த்தார்கள். முன் சக்கரம் காலுக்கு அவ்வளவு நெருக்கம். ஆகவே பெடலை முன்னால் வைத்து, ஹேண்டிலைத் திருப்பி, கால் படுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடு. குனிகிற உயரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு வளையம் வைத்தால் பிரெவே என்கிற 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்துக்கு முதுகு தாங்கும், பந்தய வாரத்தில் அதை எடுத்து மேலே போட்டுவிடலாம்.

மிச்சப் பணத்தில் இரண்டாவது ஜோடி சக்கரம் வாங்கு. ஒன்றில் 32, இன்னொன்றில் லேசான 28. பல் சக்கரத்தொகுதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் கியர் ஒவ்வொரு முறையும் தகராறு செய்யும். டிஸ்க் தட்டு பிரேக்கில் லேசாக உரசினால் ஹப்பில் மெல்லிய வளையம் ஒன்று வைத்தால் சரியாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் மட்கார்டைக் கழற்றிச் சக்கரத்தை மாற்ற எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. சின்னவள் அலன் கீ எடுத்துக் கொடுக்கிறாள், ஐம்பது ரூபாய் கூலி.

ஜனவரியில் பொங்கல் லீவுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறலாம். உன் முழங்கால் சம்மதித்தால் முழுசாக, இல்லையென்றால் முதல் டீக்கடை வரை. அதற்குள் ஒரு வேலை செய். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிமிர்ந்து நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே மேலே முட்டும்வரை தூக்கிப் பிடித்து, அதன் மேல்முனை வருகிற இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல். தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுது. தங்கச்சியையே அளக்கச் சொல், நீ அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்வாய்.

அன்புடன்,
பாலு

பி.கு.: பழைய சைக்கிளை விற்கவில்லை. அம்மா அதில் துணி காயப்போடுகிறாள்.