தங்கச்சி விழுங்கிய மாத்திரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு என் முழங்கால் வலி காரணமில்லை, சோம்பல்தான். தங்கச்சிக்குத் தைராய்டு அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அப்புறம் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதையும், உன் அண்ணி "பிள்ளைகளை ஆறு மாசம் அந்தப் பக்கமே விடாதே" என்றதையும் எழுதியிருந்தாய். சோவியத் யூனியனில் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது வெளிவந்ததும் இதே சரக்குதானா என்று கேட்டிருந்தாய்.

இதேதான். அயோடின்-131. எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நீ எழுதிய கடிதம் என் மேசையில் கிடந்த நேரத்திலேயே பாதிக்கு மேல் போயிருக்கும். உடம்பும் சிறுநீரில் வேகமாக வெளியேற்றிவிடும், அதனால் உள்ளே மிச்சம் இன்னும் குறைவு.

தைராய்டு சுரப்பிக்கு அயோடின் என்றால் உயிர். நல்லது கெட்டது பார்க்காமல் இழுத்துக்கொள்ளும். தங்கச்சி விழுங்கிய மாத்திரை, அறுவைக்குத் தப்பி மிஞ்சிய செல்களைத் தேடிப் போய் அழிக்கிறது. 1986-இல் அதே அயோடின் புல்லில் விழுந்தது. புல்லை மாடு மேய்ந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். குழந்தையின் சுரப்பி சின்னது, அதனால் அடி பலமாக விழுந்தது. அந்த வயதில் சிக்கியவர்களில் 2005 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததாக ஐ.நா.வின் அறிவியல் குழு கணக்கிட்டது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம். மருத்துவம் கைகொடுத்ததால் அதுவரை இறந்தவர்கள் 15 பேர்.

எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், சில வாரம் அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தால் போதும், பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். ஏப்ரல் 26 அதிகாலை 1.23-க்கு உலை வெடித்தது. அன்று சனிக்கிழமை, பக்கத்து பிரிப்பியாத் நகரத்துப் பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனார்கள். மறுநாள் பிற்பகல்தான் சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். உலகத்துக்கு விஷயம் தெரிந்தது 28-ஆம் தேதி, அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணி எச்சரிக்கை மணியை அடித்ததால்! போலந்து அரசு சுதாரித்துக்கொண்டு ஒரு கோடிக் குழந்தைகளுக்கு மேல் சாதாரண அயோடினைக் குடிக்கக் கொடுத்தது. சுரப்பி முன்கூட்டியே நிரம்பிவிட்டால் கெட்டதை உள்ளே விடாது. இவ்வளவுதான் தந்திரம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தனியாகத் தூங்கவும், தட்டு துண்டு தனியாக வைக்கவும் எழுதியிருப்பதைக் குழப்பமாக இருக்கிறது என்றாயே. ஒரு எண்ணெய் விளக்கை நினைத்துக்கொள். அதன் வெளிச்சம் உன்மேல் பட்டால் தள்ளிப் போனதும் தீர்ந்தது. கரி கையில் ஒட்டிக்கொண்டால் நீ போகுமிடமெல்லாம் கூட வரும், தொட்ட துணியிலும் அப்பும். தள்ளி இருக்கச் சொல்வது வெளிச்சத்துக்காக, அதாவது அவள் உடம்பிலிருந்து வரும் கதிர்வீச்சுக்காக. தட்டும் துண்டும் தனி என்பது எச்சில், வியர்வை வழியாக வரும் கரிக்காக, அதாவது அந்த அயோடினுக்காக. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பயம் பிறக்கிறது என்பது என் எண்ணம். சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தவரைத் தொடப் பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்மேல் பட்டது வெளிச்சம் மட்டும்தான், கரி எங்கிருந்து வரும்?

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது ஊரைவிட்டு ஓடியவர்கள் செய்தது சரியா என்றும் கேட்டிருந்தாய். ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. 2011 மார்ச்சில் அங்கே மூன்று உலைகள் உருகின. கதிர்வீச்சால் மக்களின் உடல்நலம் கெட்டதாக ஆவணமான ஆதாரம் இல்லை என்கிறது அதே ஐ.நா. குழு. ஆனால் இடம்பெயர்ந்த அலைச்சல், மருத்துவம் தடைபட்டது, மனமுறிவு என்று அந்த மாகாணத்தில் பேரிடர் தொடர்பான மரணங்களாகப் பதிவானவை 2,300-க்கும் மேல். பெரும்பாலும் வயதானவர்கள். படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகளைப் பேருந்தில் மணிக்கணக்காக அலைக்கழித்ததில் சிலர் வழியிலேயே போய்விட்டார்கள். இதை வைத்துக்கொண்டு "ஓடியதே மடத்தனம்" என்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பக்கத்து நமியே ஊர்க்காரர்கள் தப்பிப்பதாக நினைத்து வடமேற்கே போனார்கள். காற்று கதிரியக்கத்தைக் கொண்டு போனதும் அதே திசைதான். எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்கும் கணினி அரசாங்கத்திடம் இருந்தது. அது காட்டியதை அவர்களுக்குச் சொல்லவில்லை. பிறகு "பயப்படாதீர்கள்" என்று ஆயிரம் முறை சொன்னால் யார் நம்புவார்கள்? சீனாவில் அந்த வாரம் ஜனங்கள் கடைகளில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். சுரப்பியைக் காக்கிற அளவு வேண்டுமானால் உப்பைக் கிலோக்கணக்கில் தின்ன வேண்டும், அதற்கு முன்னால் உப்பே ஆளை முடித்துவிடும்.

1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு. என்னால் அதை மறக்க முடியவில்லை. ஒரு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. 'மூடு' என்ற உத்தரவு போனதை மட்டும்தான் அந்த விளக்கு காட்டியது, மூடியதா என்பதைக் காட்டவில்லை. விளக்கை நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறுவது புரியவில்லை. உலையின் மையத்தில் சுமார் பாதி உருகிப்போனது. அதிகாரிகள் மக்களிடம் பேசுவதும் எனக்கு அந்த விளக்கு மாதிரிதான் படுகிறது. அறிக்கை விட்டாயிற்று, கதிர்வீச்சை அளக்கும் மில்லிசீவர்ட் கணக்கு கொடுத்தாயிற்று, இந்தப் பக்கம் எல்லாம் சரி. அந்தப் பக்கம் ஒரு தாய்க்கு நாளைக்குப் பால் கொடுக்கலாமா கூடாதா என்பது தெரிந்ததா?

உனக்கு அந்தக் கவலை வேண்டாம், கையில் தாள் இருக்கிறது. குழந்தைகளிடமிருந்து எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். அண்ணியின் ஆறு மாசத்தை விட்டுவிட்டு அந்த நாளை எண்ணு. சந்தேகம் என்றால் கொடுத்த டாக்டரையே கேள், என்னைக் கேட்காதே.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். நாள் முடிந்ததும் பேரன் ஓடிப்போய் முதலில் யார் மடியில் விழுந்தான் என்று எழுது.

அன்புடன்,
மூர்த்தி