கொசுப் புகையடிப்பை முறைப்படுத்தவும், சேமிப்புத் தண்ணீரில் வாரந்தோறும் அபேட் என்னும் கொசுப்புழு மருந்து ஊற்றவும் கோரி மனு

அனுப்புநர்
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
கடற்கரைத் தெரு,
திருவாடானை வட்டம்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ராமநாதபுரம்.

பொருள்: கடலோரக் குடியிருப்பில் கொசு மருந்து தெளிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் தெருவில் காய்ச்சல் வீடு வீடாக இறங்குகிறது. புகையடிக்கும் இயந்திரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அது வரும் விதத்தைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயந்திரம் பெரும்பாலும் கடற்காற்று ஓங்கி வீசும் மாலையில் வருகிறது. குழலை விட்டு வெளியேறிய புகை தெருவில் நிற்பதே இல்லை. நேராகப் பனங்காட்டுப் பக்கம் போய்விடுகிறது. சத்தம் கேட்டதும் மூச்சு முட்டுமே என்று கதவையும் சன்னலையும் சாத்திக்கொள்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் புடைவை மடிப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. புகை நேரே பட்ட கொசுதான் சாகும். தண்ணீரில் நெளியும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டீசல் செலவுக்குக் கணக்கு இருக்கும், செத்த கொசுவுக்கு இருக்காது.

முன்னறிவிப்பும் இல்லை. மணலில் காயும் கருவாட்டின் மேல் அந்தப் புகை படிகிறது. அதைக் கழுவி விற்பதா, கொட்டுவதா என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் கொசுவின் பிறப்பிடம் சாக்கடை அல்ல, தண்ணீர் டிரம். குழாயில் தண்ணீர் நாள் தவறாமல் வருவதில்லை. வரும் நாளில் நீல டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம்; போதாததற்கு டிராக்டரில் வரும் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம். ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது இந்தத் தெளிந்த தண்ணீர்தான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் அது முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று வரும் களப்பணியாளர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் கழுவ எந்தத் தண்ணீர்? காசு கொடுத்து வாங்கியதை வாரந்தோறும் மணலில் கொட்டச் சொன்னால் யார் கொட்டுவார்கள்? கொட்டாதவர்களுக்கு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அபராதம் என்று எச்சரிக்கிறார்கள். மூடி உடைந்த டிரம்மைப் பழைய புடைவையால் கட்டி வைக்கிறோம். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்திலேயே கொசு முட்டையிட்டுவிடும்.

இதற்குக் கைவசம் இருக்கும் வழி அபேட். டெமிபாஸ் என்னும் அந்த மருந்தை, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாமல், சேமித்து வைத்த குடிநீரிலும் கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. ஆனாலும் பல வீடுகளில் 'தண்ணீர் நாறும், பிள்ளைக்கு ஆகாது' என்று மருந்து ஊற்ற வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பயத்தை அபராதச் சீட்டு போக்காது. அளவையும் காரணத்தையும் எடுத்துச் சொன்னால் போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கடையில் விற்கும் ஸ்பிரே கட்டுப்படியாகாத சில வீடுகளில், மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து, மூலை முடுக்கெல்லாம் அடிக்கிறார்கள். குழந்தை தவழும் தரையில் வயல் மருந்து! சட்டப்படி தடுக்க வேண்டியது இது.

எனவே, மழைக்கு முன்பே, புரட்டாசியிலிருந்து, வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் அபேட் ஊற்ற ஆள் அனுப்ப வேண்டுகிறோம். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே ஆவதால், பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவதில் பயனில்லை. காய்ச்சல் கண்ட வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் வீட்டுக்குள்ளேயே மருந்து அடிக்க வேண்டும். தெருவில் புகையடிப்பதானால் காற்று அடங்கிய விடியற்காலையில் அடிக்கட்டும். முந்தின நாளே ஒலிபெருக்கியில் அறிவித்தால் கருவாட்டை அள்ளி வைத்து, தண்ணீரையும் உணவையும் மூடி, குழந்தைகளை வெளியே அழைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைக்கிறோம். கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு என்பதால், தெளிப்பான்களை ஓடையிலோ முகத்துவாரத்திலோ கழுவக் கூடாது என்றும் உத்தரவிட வேண்டும்.

கரையேற்றிய வள்ளங்களிலும், விசைப்படகுகளின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களிலும் தேங்கும் மழைநீரை இறைத்து, டயர்களில் துளையிடும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அதற்கு அரசுச் செலவு வேண்டாம். டிரம்களுக்கு இறுக்கமான மூடி மட்டும் மானிய விலையில் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எந்த நாளில் ஆள் வருவார்கள் என்பதை எங்கள் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வீடுகளைத் திறந்து காட்ட எங்களில் இருவர் அவர்களுடன் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடற்கரைத் தெரு மகளிர் குழுவினர்.

இணைப்பு: தெருக் குடும்பத் தலைவிகளின் கையொப்பப் பட்டியல்.