பி.எட். சேரப்போகும் என் மாணவிக்கு

அன்புள்ள கண்ணு,

நீ புவியியல் பட்டம் முடித்துவிட்டாய், பி.எட்.டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று உன் அம்மா பொள்ளாச்சி சந்தையில் பார்த்தபோது சொன்னார். பத்தாம் வகுப்பில் இந்திய வரைபடத்தில் கோதாவரியை அழித்து அழித்து வரைந்த பிள்ளை நீ. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தேர்வுகளைப் பேசி முடித்துவிடுகிறேன். பி.எட். இரண்டு வருஷம். அதோடு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேற வேண்டும். 150 கேள்வி, 150 மதிப்பெண். அதில் சமூக அறிவியலுக்கு 60. குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் தலா 30. டெட் தேறிவிட்டால் வேலை வந்துவிடும் என்று இன்னும் பல பேர் நினைக்கிறார்கள். 2018இல் வந்த அரசாணை 149க்குப் பிறகு, அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக டிஆர்பி என்கிற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் தனியாக எழுதியாக வேண்டும். அதில் கட்டாயத் தமிழுக்கு 50 மதிப்பெண். 20 வாங்காவிட்டால் உன் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அதை ஓரம் கட்டிவிடாதே. டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், அதனால் அறிவிப்பு வந்ததும் தள்ளிப்போடாமல் எழுதிவிடு. பதினொன்று, பன்னிரண்டுக்குப் பாடம் எடுக்க ஆசை வந்தால் முதுகலை முடித்துக்கொள். அதற்குத் தேர்வு வேறு.

இவ்வளவையும் எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. உன் வகுப்புத் தோழிகள் கைடு வாங்கி ஒருவரிக் கேள்விகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருப்பார்கள். நீ ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நம் பாடநூல்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதிப் படி. மெதுவாகத்தான் நகரும். ஆனால் தேர்வுக்கும் வகுப்புக்கும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது, அதாவது மலை காற்றைத் தடுப்பதால் இந்தப் பக்கம் மழை குறைவு என்று பலகையில் எழுதிப் போட்டேன். ஆனைமலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, “டீச்சர், ஆடி மாசம் நம்மூர்ல தினமும் சாரல் அடிக்குதே, அப்புறம் எப்படி மறைவு?” என்றான். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தில் இருப்பதை எழுதிக்கோ என்று உட்கார வைத்துவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

பதில் எங்கள் வாசலிலேயே இருந்தது, கண்ணு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே விட்டுப்போன பாலக்காட்டுக் கணவாய். தடுக்க மலை இல்லாத இடத்தில் காற்று நேராக உள்ளே வருகிறது, கொஞ்சம் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு. உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றில்தான். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போனால் சின்னக்கல்லாறு; தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. மலையிறங்கிக் கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். பஸ்ஸில் ஒரு நாள் போய் வந்தாலே அந்தப் பாடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பி.எட்.டில் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்புவார்கள். லெசன் பிளான், சார்ட் என்று நோட்டு நிரப்பியே நாள் போய்விடும். அந்த வாரங்களில் ஒரு தடவையாவது சம உயரக் கோடுகளை, அதாவது வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்க்கும் கோடுகளை, நீயே கேட்டு வாங்கி நடத்து. பிள்ளைகள் ரொம்பத் திணறும் இடம் அது. பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை நீளவாக்கில் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பாத்திரத்தில் வை. ஒரு பக்கம் செங்குத்தாகவும் இன்னொரு பக்கம் சரிவாகவும் கத்தியால் சீவிக்கொள். அரை விரல் தடிமன் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பில் ஊசியால் சுற்றிக் கீறச் சொல். இன்னும் அரை விரல் ஊற்று, மறுபடி கீறட்டும். நான்கு கீறல் விழுந்த பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, மசியைத் தடவித் துடைத்து, நேர் மேலே இருந்து பார்க்கச் சொல். செங்குத்தான பக்கம் கோடுகள் நெருக்கமாகவும் சரிவான பக்கம் விலகியும் கிடக்கும். அதற்கப்புறம் மலை, ஆறு, ஊர் எல்லாம் விவரமாகக் காட்டும் 1:50,000 டாப்போ ஷீட் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு பழுப்புக் கோடும் 20 மீட்டர் ஏற்றம் என்று சொன்னால், மலை எந்தப் பக்கம் செங்குத்து என்று கடைசி பெஞ்ச் பிள்ளையும் விரல் வைத்துக் காட்டும்.

இன்னொன்றும் செய்து பார். ஏப்ரல் 15க்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் சூரியன் நம் ஊருக்கு நேர் மேலே வரும். மைதானத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலைப் பார்க்கச் சொல். 12 மணிக்கு நிழல் மறையாது, சுமார் 12.22க்குத்தான் மறையும். ஏன் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. நாம் 77 டிகிரியில் இருக்கிறோம். வித்தியாசம் 5½ டிகிரி, டிகிரிக்கு 4 நிமிஷம். அந்த 22 நிமிஷத்தை மைதானத்தில் காத்திருந்து பார்த்த பிள்ளைக்குத் தீர்க்கக்கோடு பிறகு மறக்கவே மறக்காது.

உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரேதான் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நடத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வரலாறு படித்து வந்தவர்கள் நிறைய பேர் மேப்பைக் கண்டாலே தயங்கி, புவியியலைக் கடைசிக்குத் தள்ளிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயும் வரலாற்றை அப்படித் தள்ளிவிடாதே. உன் பள்ளியில் மேப் தெரிந்த ஆள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய், மற்றவர்கள் கேட்டால் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடு.

என்னிடம் பழைய டாப்போ ஷீட் இரண்டு இருக்கிறது, மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டவை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, எடுத்து வைக்கிறேன். வரும்போது ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டு வா, முதல் பாடத்திலிருந்து சேர்ந்தே ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
உன் டீச்சர்